பணியிலிருந்து விலகிய காரணம்

மார்ச் 3

அன்புள்ள நெட்டைக்கு,

என் கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பதறியிருப்பாய். ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. எல்லோரும் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறோம். எனக்கு ஒரு வேலைக்கு நேர்முகத் தேர்வு வந்திருக்கிறது, அதற்குத்தான் இந்தக் கடிதம்.

இங்கே பஸ் டிப்போவுக்குப் பின்னால் புதிதாக ஓர் ஆஸ்பத்திரி கட்டியிருக்கிறார்கள். கருவிகளைக் கிருமி நீக்கும் பிரிவுக்கு ஆள் எடுக்கிறார்கள். நம் பழைய வேலையேதான். பன்னிரண்டு வருடமாகத் தையல் கடையில் காஜா எடுத்துக்கொண்டிருப்பவளை யார் கூப்பிடப்போகிறார்கள் என்று நினைத்துத்தான் விண்ணப்பம் போட்டேன். கூப்பிட்டுவிட்டார்கள். ஏப்ரல் 2, காலை பத்து மணி.

"இந்த வயசுல உனக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலை" என்று இவர் கேட்டார். நாற்பத்தேழெல்லாம் ஒரு வயதா என்று கேட்டேன். பஸ் ஓட்டுகிறவர் அல்லவா, கண்ணாடியில் பின்னால் வரும் வண்டியைப் பார்ப்பதுபோல் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விட்டார். பெரியவள்தான் துள்ளிக் குதிக்கிறாள். கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பழகச் சொன்னாள். பழகினேன். எதிரில் நின்றவளைப் பார்த்தால் எனக்கு வேலை கொடுக்கிற முகமாகத் தெரியவில்லை.

ஆனால் எனக்கு இந்த வேலை வேண்டும், நெட்டை. தையல் கடையில் யாராவது கத்தரிக்கோலை அழுக்கோடு மேசையில் போட்டால் இன்னமும் என் கை சும்மா இருப்பதில்லை. உருப்படியாக எனக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான்.

நீ நம் பழைய ஆஸ்பத்திரியில் அந்தப் பிரிவுக்கே பொறுப்பாளராக இருக்கிறாய். இப்போது என்னென்ன மாறியிருக்கிறது, என்ன கேட்பார்கள், எப்படிப் பதில் சொல்ல வேண்டும் என்று எழுது. போனில் சொல்லாதே. ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிடுவேன். அதோடு நாம் போனில் பேசினால் இரண்டு பேரும் மழையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிடுகிறோம்.

இன்னொன்று. பழைய வேலையிடத்துக்கு ஒரு படிவம் அனுப்பி என்னைப் பற்றி விசாரிப்பார்களாம். அது உன் மேசைக்குத்தான் வரும் என்று நினைக்கிறேன்.

உன்,
குட்டை


மார்ச் 9

என் குட்டைக்கு,

அந்த நாளில் இங்கே இருந்த தலைமை நர்ஸ் நமக்கு வைத்த பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டு எத்தனை காலமாயிற்று. இங்கே எல்லோரும் மேடம் என்கிறார்கள். உன் கடிதத்தைப் படித்ததும் இரண்டு அங்குலம் வளர்ந்துவிட்டேன்.

தனித்தாளில் முப்பது கேள்விகளும் பதில்களும் எழுதி வைத்திருக்கிறேன். மனப்பாடம் செய்யாதே, புரிந்துகொள். ஈரத்தோடு வெளியே வரும் கருவிப் பொட்டலத்தை என்ன செய்வாய் என்று கட்டாயம் கேட்பார்கள். காயவைப்பேன் என்று சொல்லித் தொலைக்காதே. பிரித்துப்போட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பொட்டலத்தின் மேல் ஒட்டும் டேப்பில் கோடுகள் கறுத்துவிட்டால் போதுமா என்று ஒரு கேள்வி வரும். போதாது. சூட்டுக்குள் போய் வந்தது என்பதற்குத்தான் அது அடையாளம். உள்ளே வைத்த அட்டையும் நிறம் மாறியிருக்க வேண்டும். நீராவியால் கிருமி கொல்லும் ஆட்டோகிளேவில் இப்போது கைப்பிடியைத் திருகுகிற வேலையெல்லாம் இல்லை, பொத்தானை அழுத்தினால் தானே மூடிக்கொள்கிறது. பொட்டலத்தைக் கட்டியவர் தன் பெயரின் முதல் எழுத்தைக் கையால் போடுவதும் போய்விட்டது. ஆளுக்கொரு அடையாள அட்டை, அதைக் காட்டினால்தான் ரசீது மாதிரி ஒன்று அச்சாகி வரும்.

கேள்வி கேட்டதும் நீ கூரையைப் பார்ப்பாய். அங்கே ஒன்றும் எழுதியிருக்காது. கேட்டவரைப் பார்.

படிவம் வந்தால் நான் பார்த்துக்கொள்கிறேன். அதை நினைத்து மண்டையைக் குழப்பிக்கொள்ளாதே. அண்ணனைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
நெட்டை


மார்ச் 15

அன்புள்ள நெட்டைக்கு,

உன் முப்பது கேள்விகளும் அடுப்படிச் சுவரில் ஒட்டியாகிவிட்டது. எண்ணெய் பட்டுப் பதினேழாவது கேள்வி தெரியவில்லை. அதை மட்டும் கேட்காமல் இருந்தால் பிழைத்தேன்.

நேற்று சாயங்காலம் ஒத்திகை நடந்தது. வேண்டாத வேலை என்றவர்தான் தேர்வுக் குழு. சாப்பாட்டு மேசைக்கு அந்தப் பக்கம் மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "வாங்கம்மா, உட்காருங்க" என்றார். கல்யாணமாகி இருபத்தைந்து வருடத்தில் எனக்குக் கிடைத்த முதல் மரியாதை. உன் தாளைப் பார்த்துக் கேட்டுக்கொண்டே வந்தார். நன்றாகத்தான் சொன்னேன். பிறகு தாளைக் கீழே வைத்துவிட்டு, "முன்னாடி பார்த்த வேலையை ஏன் விட்டீங்க?" என்று சொந்தமாக ஒன்று கேட்டார்.

குடும்பக் காரணம் என்றேன்.

"என்ன குடும்பக் காரணம்? குடும்பத்துல நானும்தானே இருக்கேன், எனக்கே தெரியலையே" என்றார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். பால் பொங்குகிறது என்று எழுந்து போய்விட்டேன். அலுத்துப்போய் விட்டுவிட்டேன் என்றுதான் அவரிடம் அப்போது சொல்லியிருந்தேன்.

நெட்டை, நீ அனுப்பிய முப்பதில் அந்தக் கேள்வி இல்லை. தாளைத் திருப்பிக்கூடப் பார்த்துவிட்டேன்.

அதனால் நானே பதில் எழுதிப் பார்த்தேன். எப்படி இருக்கிறது என்று சொல்:

"ஐயா, அன்று காலை என் மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க ஒரு மணி நேரம் யாரிடமும் சொல்லாமல் வெளியே போனேன். என் தோழி என் வேலையையும் சேர்த்துப் பார்த்தாள். நான் இருப்பதாகத் தெரியட்டும் என்று, அவள் கட்டிய பொட்டலங்களில் பாதிக்கு என் எழுத்தைப் போட்டாள். எனக்கு அவள், அவளுக்கு நான் என்று இப்படிச் செய்வது எங்கள் வழக்கம்தான். அந்த அவசரத்தில் ஒரு பொட்டலம் ஆட்டோகிளேவுக்குள் போகாமலே, முடிந்தவை இருக்கும் அலமாரிக்குப் போய்விட்டது. மயக்க மருந்து கொடுத்த பிறகு ஆபரேஷன் அறையில் டேப்பைப் பார்த்தால் கோடு கறுக்கவில்லை. வேறு பொட்டலம் போகும்வரை ஒரு மணி நேரம் எல்லோரும் காத்திருந்தார்கள். நல்லவேளை, நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. அதில் என் எழுத்து இருந்தது. விசாரணையில் நான்தான் என்று சொல்லிவிட்டு விலகினேன்."

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதைச் சொன்னால் உன் தலை உருளும். என் கவனக்குறைவு என்று மட்டும் சொன்னால் எனக்கு வேலை கிடைக்காது. குடும்பக் காரணம் என்றால் முகம் காட்டிக்கொடுத்துவிடும். இந்த மூன்றில் எதைச் சொல்லட்டும்? நீயே சொல்.

உன்,
குட்டை


மார்ச் 20

அன்புள்ள குட்டைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே வேலை கழுத்தை நெரிக்கிறது, அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

குடும்பக் காரணம் என்றே சொல். பெண்கள் அப்படிச் சொன்னால் யாரும் மேலே தோண்டமாட்டார்கள். படிவமும் நேற்று வந்துவிட்டது. 'பணியிலிருந்து விலகிய காரணம்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. சொந்த விருப்பம் என்று எழுதி அனுப்பிவிடுகிறேன். உன் வேலையைப் பற்றி நல்லபடியாகத்தான் எழுதுவேன், கவலைப்படாதே.

புதிய ஆட்டோகிளேவின் விளக்கப் புத்தகத்திலிருந்து சில பக்கங்களை நகல் எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். மூன்றாம் பக்கத்தை நன்றாகப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
நெட்டை


மார்ச் 24

அன்புள்ள நெட்டைக்கு,

பக்கங்கள் கிடைத்தன. மூன்றாம் பக்கத்தையும் படித்துவிட்டேன்.

உன் கடிதம் எனக்கு வருத்தமாக இருந்தது. மூடி மறைக்காமல் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் நெஞ்சிலேயே நிற்கும்.

அன்று நான்தான் என்று சொன்னது என் முடிவு. யாரும் என்னைப் பிடித்துத் தள்ளவில்லை. உன் வீட்டுக்காரர் தவறிப்போய் எட்டு மாதம் ஆகியிருந்தது, இரண்டு பிள்ளைகளையும் நீ ஒருத்தி பார்த்துக்கொண்டிருந்தாய். என் வீட்டில் ஒரு பஸ் ஓடிக்கொண்டிருந்தது. அதோடு நீ எனக்கு உதவி செய்யப்போய்த்தானே அது நடந்தது. இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

ஆனால் இந்தப் பன்னிரண்டு வருடத்தில் ஒரு தடவை, என்னிடம் மட்டுமாவது, "அது நான்டி" என்று நீ சொல்லவில்லை. நான் மேசையைக் காலி செய்துகொண்டு போனபோதும் சொல்லவில்லை, போனில் பேசியபோதும் சொல்லவில்லை. போகப்போக எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒருவேளை அந்தப் பொட்டலத்தைப் போவதற்கு முன்னால் நானே கட்டிவிட்டுத்தான் போனேனோ என்றுகூட யோசித்திருக்கிறேன். நான் எழுதி அனுப்பிய பதிலை நீ படித்துவிட்டு, ஆமாம், இப்படித்தான் நடந்தது என்று ஒரு வரி எழுதுவாய் என்று பார்த்தேன். நீ மூன்றாம் பக்கத்தைப் பார்க்கச் சொல்கிறாய்.

என்ன சொல்வது என்று இனி உன்னைக் கேட்கமாட்டேன். அங்கே போய் வாயில் வருவதைச் சொல்லிக்கொள்கிறேன்.

குட்டை


ஏப்ரல் 3

நெட்டைக்கு,

தேர்வு நேற்று முடிந்தது. உன்னிடமிருந்து பதில் வரவில்லை, ஆனாலும் நடந்ததை உனக்குத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

மூன்று பேர் இருந்தார்கள். ஜலதோஷம் பிடித்த ஒரு டாக்டர், அலுவலகத்துக்காரர் ஒருவர், நம் வயதில் ஒரு தலைமை நர்ஸ். ஈரப் பொட்டலம் வந்தது, டேப் வந்தது, உன் தாளில் இருந்ததெல்லாம் வரிசையாக வந்தது. நான் ஒரு தடவைகூடக் கூரையைப் பார்க்கவில்லை.

பிறகு அந்த நர்ஸ் கேட்டார், முந்தைய வேலையை ஏன் விட்டீர்கள் என்று. பஸ்ஸில் வரும்போதே முடிவு செய்துவிட்டேன். என் கவனக்குறைவால் கிருமி நீக்காத பொட்டலம் ஒன்று ஆபரேஷன் அறைக்குப் போய்விட்டது, அதனால் விலகினேன் என்றேன். வேலை போனால் போகட்டும், உன்னை இழுக்க வேண்டாம் என்றுதான் சொன்னேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "உங்க பழைய பொறுப்பாளர் வேற மாதிரி எழுதியிருக்காங்களே" என்றார். படிவத்தைத் திருப்பினார். பின்பக்கம் முழுக்க உன் கையெழுத்து. அதைப் படித்துக் காட்டினார். பொட்டலத்தைக் கட்டியது நீ, என் எழுத்தைப் போட்டது நீ, நான் அறையிலேயே இல்லை, பழியை ஏற்றுக்கொண்டு போனேன் என்று எல்லாமே இருந்தது. டாக்டர் மூக்கைச் சிந்துவதைக்கூட நிறுத்திவிட்டார்.

"இதுல எதும்மா உண்மை?" என்று கேட்டார் நர்ஸ்.

அவர்கள் எழுதியதுதான் என்றேன். "அப்போ உங்க தப்பு என்ன?" என்றார். அனுமதி வாங்காமல் போனது, என் எழுத்தை இன்னொருத்தர் போட விட்டது, இப்போது உங்களிடம் பொய் சொன்னது, மூன்றும்தான் என்றேன். அலுவலகத்துக்காரர் எதையோ குறித்துக்கொண்டார். இரண்டு வாரத்தில் தெரிவிப்பார்களாம்.

வீட்டுக்கு வந்து இவரிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். பிறகு, "அன்னிக்குப் பள்ளிக்கூடத்துக்கு நான் போயிருக்கணும். நீ கேட்கலை" என்றார். கேட்டிருந்தால் லீவு போட்டிருப்பீர்களா என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "மாட்டேன்" என்றார். அதுவரை அழாமல் இருந்தவள் அப்போது சிரித்துக்கொண்டே அழுதேன்.

நீ செய்தது சின்ன விஷயம் இல்லை. அது எனக்குத் தெரியும். ஆனால் எனக்குக் கோபமாகவும் இருக்கிறது. நான் கேட்டது என்னிடம் சொல்லச் சொல்லி. முன்பின் தெரியாத மூன்று பேருக்குச் சொல்லிவிட்டாய். பன்னிரண்டு வருடமாக உன் வாயிலிருந்து கேட்க நினைத்ததை யாரோ ஒரு நர்ஸ் வாயிலிருந்து கேட்டேன். நான்காவது ஆளாகத்தான் எனக்குத் தெரிந்தது.

குட்டை


ஏப்ரல் 9

என் குட்டைக்கு,

நீ சொல்வது சரி. வருத்தப்பட்டு நீ எழுதிய கடிதம் வந்தபோது படிவம் இன்னும் என் மேசையில்தான் கிடந்தது. அதில் எழுதுவது சுலபமாக இருந்தது. கட்டம் போட்டிருந்தார்கள், நிரப்பினேன். உனக்கு எழுத உட்கார்ந்தால் 'அன்புள்ள' என்ற வார்த்தைக்குமேல் பேனா நகரவில்லை. நான்கு தாளைக் கிழித்தேன்.

அது நான்டி. அந்தப் பொட்டலத்தை அலமாரியில் வைத்தது நான். நீ கட்டியிருப்பாயோ என்ற சந்தேகம் உனக்கு வேண்டாம். நீ போனபிறகுதான் அந்தக் கருவிகளே கழுவி வந்தன. உன்னை விசாரணைக்குக் கூப்பிட்டபோது நான் சுவரோரத் தொட்டியில் கை கழுவிக்கொண்டிருந்தேன். நீ திரும்பி வரும்வரை குழாயை மூடவில்லை. நீ என்ன சொல்லிவிட்டு வந்தாய் என்று உன் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. எனக்குப் பயமாக இருந்தது, அதைவிட நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதிக்கு வெட்கப்பட்டுத்தான் இத்தனை வருடமும் மழையைப் பற்றிப் பேசினேன்.

படிவத்தின் நகலை எங்கள் அலுவலகத்திலும் கொடுத்துவிட்டேன். கூப்பிட்டுக் கேட்டார்கள், ஆமாம் என்றேன். பொறுப்பாளர் பதவியை எடுத்துவிட்டார்கள், வேலையை எடுக்கவில்லை. திங்கட்கிழமையிலிருந்து அழுக்குக் கருவிகளைக் கழுவும் பக்கத்தில் நிற்கிறேன். முதுகு விண்ணென்று வலிக்கிறது. பிள்ளைகளிடமும் சொல்லிவிட்டேன். சின்னவன் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை, நேற்றுப் பேசினான்.

என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. உனக்கு அந்த வேலை கிடைக்க வேண்டும், அது ஒன்றுதான் இப்போது எனக்கு வேண்டும்.

உன்,
நெட்டை


ஏப்ரல் 17

என் நெட்டைக்கு,

உன் கடிதத்தைப் பத்துத் தடவையாவது படித்திருப்பேன். கோபம் முழுதாகப் போய்விட்டது என்று சொன்னால் பொய். கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. அதை நேரில் வந்து வாங்கிக்கொண்டு போ. வருகிற ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டில்தான் இருப்பேன்.

வேலை கிடைத்துவிட்டது. உத்தரவு வந்து கால் மணி நேரம்தான் ஆகிறது. ஆறு மாதம் பார்த்துவிட்டு நிரந்தரம் செய்வார்களாம். இவர் வண்டியில் இருக்கிறார், மதியத்துக்குமேல்தான் வருவார். பெரியவள் ஆபீசில் இருக்கிறாள். இரண்டு பேருக்கும் போன் போட்டிருக்கலாம், கையில் எடுத்துவிட்டு வைத்துவிட்டேன். இந்தக் கடிதத்தைப் பெட்டியில் போட்டுவிட்டு வந்துதான் அவர்களுக்குச் சொல்லப்போகிறேன்.

உன்,
குட்டை