உம்மா எழ மறந்த நாள்

மஸ்கட்டில் படிக்கும் அன்பு மகள் ஷம்ஸாவுக்கு, சலாலாவிலிருந்து வாப்பா கல்ஃபானின் சலாம்.

முதலில் என் மானம் போன கதை. உம்மா முந்திக்கொள்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். அவளுக்கு வந்திருக்கும் புதிய ஆஸ்துமா ஊசியை வீட்டிலேயே போடுவதற்கு நர்ஸ் கற்றுத் தந்தாள். ஊசி உம்மாவின் தொடையில் இறங்கியதுதான் தெரியும். கண் விழித்தால் கட்டிலில் நான் கிடக்கிறேன், உம்மா விசிறிக்கொண்டிருக்கிறாள். "ஆஸ்பத்திரிச் சீட்டுல பேர மாத்திரலாமா?" என்று நர்ஸ் அவளிடம் கேட்டாளாம். இப்போது அவளே போட்டுக்கொள்கிறாள். நான் சுவரைப் பார்த்து நிற்கிறேன்.

படிப்பை விட்டுவிட்டு உம்மாவைப் பார்த்துக்கொள்ள வருகிறேன் என்று எழுதியிருந்தாய். போன சாரல் பருவத்தில் அவளை ஆம்புலன்ஸில் ஏற்றியதைப் பார்த்தவள் நீ. பயம் இருக்கத்தான் செய்யும்.

ரத்தத்தில் ஒருவகை அணுக்கள் கூட்டமாக வந்து மூச்சுக்குழாயை வீங்க வைக்கின்றனவாம். அந்தக் கூட்டத்துக்கு ஆள் அனுப்புகிறவனையே இந்த மருந்து பாதி வழியில் மடக்கிவிடுகிறது என்றார் டாக்டர். மாதம் ஒரு ஊசி, அரை ஸ்பூன்கூட இல்லை. எல்லாருக்கும் கேட்காது என்றும் சொன்னார். அதனால் உனக்கு எழுதாமல் காத்திருந்தேன்.

போன வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டு கனீமா விருந்து வைத்தாள். விருந்து முடிந்து குந்திரிக்கத் தூபம் காட்டி வழியனுப்பும் முன்பே, புகை ஆகாதென்று உம்மா எழுந்து வந்துவிடுவாள், உனக்குத் தெரியாததா? ஆண்கள் பக்கம் தூபக்கால் வந்ததும் வாசலைப் பார்த்தேன். அவள் செருப்பு அங்கேயே கிடந்தது.

இன்ஹேலரோடு ஓடிப்போய்ப் பெண்கள் அறைக் கதவைத் தட்டினேன். "ஷம்ஸா வாப்பா, கதவ ஒடச்சிராதீங்க! பேச்சு சுவாரசியத்துல எந்திரிக்க மறந்துட்டா. நாங்களும் மறந்து தூபத்த நீட்டிட்டோம். இப்ப வெளிய வச்சாச்சு" என்றாள் கனீமா. "எனக்கு ஒண்ணுமில்ல. நீங்க மயங்கி விழுந்துராதீங்க, தூக்கிவிட இங்க ஆம்பள இல்ல" என்றது உம்மாவின் குரல். அறையே சிரித்தது. அவளும் சிரித்தாள்.

மறந்துவிட்டாள், ஷம்ஸா! தன் நோயையே மறந்துவிட்டாள். அல்லாஹ்வின் கருணையைச் சொல்வதா, இந்த மருந்தைக் கண்டுபிடித்தவர்களைச் சொல்வதா?

மறுநாள் டாக்டர் திட்டித் தீர்த்தார். ஊசி போட்டால் புகைக்குள் போய் உட்காரலாம் என்று அர்த்தமில்லையாம், இன்ஹேலரையும் விடக்கூடாதாம். ஆனால் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு அவரும் புன்னகைத்தார்.

ஆகவே நீ வர வேண்டாம், மகளே. பரீட்சையை எழுது. அல்லாஹ் உன் பாதையை விசாலமாக்கட்டும்.

உன் வாப்பா,
கல்ஃபான்

கையெழுத்துப் போட்டபின் ஒன்று. இதை உம்மாவிடம் நான் சொல்லவில்லை. அவள் சிரிப்பு எப்போதும் பாதியில் இருமலாகிவிடும். அன்று கதவுக்கு வெளியே நின்று அதை முழுசாகக் கேட்டேன். அந்தச் சிரிப்பின் முடிவு எப்படி இருக்கும் என்பதே இத்தனை வருஷமாக எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது.