கதவின் மேல் ஒரு கப்பி

ஆம்பூர்
14 ஆகஸ்ட் 1998

அன்புள்ளவருக்கு,

தோள் இறுகிப்போன பிறகு கரும்பலகையில் எப்படி எழுதுவாய், வேலையை விட்டுவிட்டு மஸ்கட்டுக்கு வந்துவிடு என்று எழுதியிருந்தீர்கள். நீங்களே டைப் அடித்து அனுப்பிய ராஜினாமாக் கடிதமும் கிடைத்தது.

ஆபரேஷன் வேண்டாம், பயிற்சி போதும் என்றார் பிசியோதெரபி பார்க்கும் ஃபீபி. எனக்கு நம்பிக்கையில்லை. ஆனாலும் கதவின் மேல் கப்பி மாட்டினேன். கயிறு உள்ளங்கையை அறுத்ததால், ஷூ கம்பெனிக்குப் போகும் பக்கத்து வீட்டு அன்னம்மாள் தோல் வார் ஒன்று கொண்டுவந்தாள். இடக்கையால் இழுத்தால் வலக்கை மேலே போகும். வலியில் கத்திவிடுவேன்.

"இன்னா டீச்சர், தண்ணி இன்னும் மேல வர்லியா?" என்று சிரிப்பாள்.

"கெணறு ஆழம் ஜாஸ்தி, அன்னம்மா."

நேற்று வகுப்பில் கரும்பலகையின் உச்சியில் தேதி எழுதினேன். பெண்கள் கைதட்டினார்கள். "சத்தம் போடாம எழுதுங்க" என்றேன். அவர்கள் பக்கம் திரும்பத்தான் சற்று நேரமாயிற்று.

ராஜினாமாக் கடிதத்தை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். கையெழுத்துப் போடவில்லை. வலி இன்னும் இருக்கிறது. வேலையும் இருக்கிறது.

லீவில் வரும்போது கதவருகே தலையை இடித்துக்கொள்ளாதீர்கள். கப்பியைக் கழற்றுவதாக இல்லை.

ஆம்பூரிலேயே இருக்கும்
உங்கள் மனைவி