லாரி விபத்து என்று எழுதியிருந்த வரி

அண்ணே,

இன்று காலை தபாலாபீசில் அரக்கு உருக்கிக்கொண்டிருந்தார்கள். ஆபீஸ் பார்சல் ஒன்றைப் பதிவுத் தபாலில் அனுப்பப் போயிருந்தேன். எனக்கு முன்னால் நின்றவரின் பொட்டலத்து முடிச்சில் சிவப்பு அரக்கைச் சொட்டவிட்டு முத்திரையை அழுத்தினார்கள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் வரிசையை விட்டு விலகி வெளியே வந்துவிட்டேன். அழத்தான் வந்தேன் என்று நினைக்காதே. நீ போன நாளிலிருந்து எனக்கு அழுகை வரவில்லை. ரோட்டில் உப்பு லாரிகள் துறைமுகத்தைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தன. அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு மறுபடி வரிசையில் நின்று பார்சலை அனுப்பிவிட்டு ஆபீசுக்கு வந்தேன். எல்லோரும் சாப்பிடப் போயிருக்கிறார்கள். டைப் மெஷின் முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் இதைக் கையால் எழுதுகிறேன்.

எழுபத்திரண்டில் பட்டாளத்திலிருந்து நீ ஊன்றுகோலோடு ரயிலை விட்டு இறங்கியபோது பிளாட்பாரத்தில் நான் ஒருத்திதான் நின்றேன். அம்மாவும் அப்பாவும் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகியிருந்தன. உன் இடது கால் முழங்காலுக்குக் கீழே கோணிக்கொண்டு போயிருந்தது. "கண்ணிவெடி" என்று ஒரே வார்த்தை சொன்னாய். நானும் மேலே கேட்கவில்லை. துறைமுகத்துச் சரக்குக் கிட்டங்கி ஒன்றில் உனக்குக் காவல் வேலை கிடைத்தது. காலையில் நான் டைப் அடிக்கப் போவேன், நீ கிட்டங்கிக்குப் போவாய். இரண்டு பேருக்கும் அது போதுமென்று இருந்தது.

நீ கல்யாணமாகாமல் இருந்தது மாமாவுக்குத்தான் பொறுக்கவில்லை. ஓட்டப்பிடாரம் பக்கத்தில் பெண் இருக்கிறது என்று பெண்ணின் அப்பாவையே வீட்டுக்குக் கூட்டிவந்தார். கடை வைத்திருந்த மனிதர், நாலும் தெரிந்தவர். காப்பி குடித்துவிட்டு, "பட்டாளத்துப் பேப்பரு ஏதும் இருக்கா? சும்மா பாப்போம்" என்றார். நீ தயங்காமல் உன் டிஸ்சார்ஜ் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தாய். அவர் இங்கிலீஷ் வாசிக்கத் தெரிந்தவர். விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டு வந்தவர் ஓரிடத்தில் நின்றார்.

"என்ன தம்பி, லாரி கவுந்து காலு போச்சுன்னுல்லா போட்டிருக்கு? குண்டு வெடிச்சுதுன்னு உம்ம மாமா சொன்னாரே?"

"வெடிச்சதுதான் அண்ணாச்சி. எழுதுனவன் தப்பா எழுதிட்டான்."

"சண்டைக்குப் போனவனுக்கெல்லாம் மெடலு வந்திருக்கு. எங்க தெருவுல ஒருத்தன் வாங்கியிருக்கான். ஒமக்கு ஒண்ணையும் காணுமே."

அவர் புத்தகத்தை மூடி, மரியாதையாகவே உன் கையில் தந்தார். வாசலில் செருப்பை மாட்டும்போது மாமாவிடம் அவர் சொன்னது உள்ளே எனக்குக் கேட்டது. "காலு போனாக்கூடப் பரவாயில்லவே. பொய் சொல்லுத மாப்பிள்ள நமக்கு வேண்டாம்."

உனக்கும் கேட்டிருக்கும். நீ சட்டையை மாட்டிக்கொண்டு கிட்டங்கிக்குப் புறப்பட்டுவிட்டாய்.

அதன்பின் சில வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் புத்தகத்தை என் மடியில் வைத்து, "ஏளா, இத மாத்த முடியுமான்னு கேட்டு ஒரு கடுதாசி அடி" என்றாய். அன்றைக்குத்தான் நடந்ததைக் கொஞ்சம் சொன்னாய். நீங்கள் பாலம் போடும் பிரிவு. கிழக்கு எல்லையில் ஓர் ஆற்றங்கரைக்கு லாரியில் போய் இறங்கினீர்கள். முன்னால் நடந்த நீயும் சூசையும் கண்ணிவெடியை மிதித்தீர்கள். பதறிப் பின்னுக்கு எடுத்த லாரி பள்ளத்தில் கவிழ்ந்தது. லாரியில் அடிபட்டவர்களையும் உன்னையும் ஒன்றாக ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் போட்டார்கள். நீ நினைவில்லாமல் கிடந்தாய். எல்லோர் பேருக்கும் எதிரே ஒரே காரணத்தை எழுதிவிட்டார்கள். அந்த ஒரு வரியால் நீ சண்டையில் காயம்பட்டவன் இல்லை என்று ஆகிவிட்டது. சண்டையில் இருந்ததற்கான பதக்கமும் காயத்துக்கான பதக்கமும் உன் பேருக்கு ஏறவேயில்லை.

சூசை யார் என்று எனக்குத் தெரியும். தருவைகுளத்துப் பையன். அவன் அப்பா முத்துக் குளித்தவர். முத்துக் குளிப்பு நின்றுபோன பிறகு வேலை தேடிப் பட்டாளத்தில் சேர்ந்தான். லீவில் உன்னோடு ஒருமுறை வீட்டுக்கு வந்து, நான் வைத்த மீன் குழம்பில் புளி பத்தவில்லை என்று சொல்லிவிட்டு மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டான். அந்த வெடியில் அவன் இறந்துபோனான் என்பதும் தெரியும். அதற்குமேல் நீ சொன்னதில்லை.

மனு போயிற்று. பதில் வர மாதக்கணக்கானது. ஆதாரம் அனுப்பு என்றார்கள். உன் பிரிவு அதிகாரிக்கு எழுதினோம், பதிலே இல்லை. கூட இருந்த ஹவில்தாருக்கு எழுதியது, அப்படி ஒருவர் இங்கே இல்லை என்று திரும்பி வந்தது. நான்தான் கேட்டேன், சூசை வீட்டுக்குத் தந்தி வந்திருக்குமே, அதில் நாளும் காரணமும் இருக்குமே என்று. நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய். ஊருக்கு வந்த நாளிலிருந்து தருவைகுளம் போகும் பஸ்ஸில் நீ ஏறியதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவன் இறந்த செய்தியை ஆஸ்பத்திரியிலிருந்து அவன் அம்மாவுக்கு எழுதியதோடு சரி.

"வேற வழியில்லையா?" என்று கேட்டாய்.

"இருந்தா நான் சொல்லமாட்டேனா அண்ணே?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனோம். மாதா கோயிலில் பூசை முடிந்து கூட்டம் கலைந்துகொண்டிருந்த நேரம். சூசையின் அம்மா வீட்டு வாசலில் வலைத்துண்டைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நீ யாரென்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. உன் காலைப் பார்த்தார்கள், எழுந்தார்கள்.

"வா மக்கா. இப்பமாவது வந்தியே."

உள்ளே மாதா படத்துக்குப் பக்கத்தில் பட்டாளத்து உடுப்பில் சூசையின் படம் இருந்தது. வந்த காரியத்தை நான்தான் சொன்னேன். அவர்கள் நான் சொன்னதைக் கேட்டார்களா என்றே தெரியவில்லை. உன்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒடனே உசிரு போயிட்டு, ஒண்ணும் தெரிஞ்சிருக்காதுன்னு கடுதாசில எழுதியிருந்தியே மக்கா. அப்படித்தானா?"

நீ தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். ஆமாம் என்று சொல்லிவிடுவாய் என்றுதான் நினைத்தேன். சொல்லிவிடு என்றுகூட மனசுக்குள் வேண்டிக்கொண்டேன்.

"இல்லம்மா," என்றாய்.

"பெறவு?"

"மத்தியானம் வெடிச்சுது. சுத்தி எல்லாம் கண்ணி. யாரும் உள்ள வர முடியல. பொழுது அடையுத வரைக்கும் அவனுக்கு உசிரு இருந்துது."

"பேசுனானா?"

"பேசுனான். ஊருப் பேச்சுத்தான். தண்ணி கேட்டான். எங்கிட்ட தண்ணி இல்ல. எனக்கும் நகர முடியல. கைய மட்டும் நீட்டி அவன் கையப் பிடிச்சுக்கிட்டேன்."

"விட்டுரலையே?"

"விடல. தூக்க வந்தவங்கதான் பிரிச்சாங்க."

உன் குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. கிட்டங்கிக்கு எத்தனை லாரி வந்தது என்று என்னிடம் சொல்வாயே, அந்தக் குரல். அந்த அம்மா மார்பில் அடித்துக்கொண்டு விழப்போகிறார்கள் என்று நான் பக்கத்தில் போனேன். அவர்கள் சேலை முந்தியால் வாயைப் பொத்திக்கொண்டு வெகுநேரம் நின்றார்கள். வெளியே யாரோ யாரையோ கூப்பிட்டுக்கொண்டு போனார்கள்.

"அப்போ எம்புள்ள தனியா கெடக்கல," என்றார்கள் கடைசியில். "தந்தி வந்த நாள்லருந்து அதத்தான் நெனச்சுக்கிட்டுக் கெடக்கேன். எந்தக் காட்டுல தனியா விழுந்து கெடந்தானோ, யாரு கண்ண மூடுனாவளோன்னு. நீ இருந்திருக்க."

உள்ளே போய் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து உன் முன்னால் நீட்டினார்கள். நீ வாங்கவில்லை. உன் கை மடியிலேயே கிடந்தது.

"குடி மக்கா. நீயுந்தான அங்கன கெடந்திருக்க."

நீ வாங்கிக் குடித்தாய். ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு, செம்பைத் தரையில் வைக்க மறந்து கையிலேயே வைத்திருந்தாய். அவர்கள்தான் அதை உன் விரல்களிலிருந்து எடுத்தார்கள். மாதா படத்துக்குப் பின்னாலிருந்து தந்தியை எடுத்து என்னிடம் தந்தார்கள். உன் புத்தகத்தில் இருந்த அதே நாள் இருந்தது, கண்ணிவெடி என்றும் இருந்தது.

புறப்படும்போதுதான் நீ சூசையின் படத்தை நிமிர்ந்து பார்த்தாய்.

"அவனுக்கு மெடலு ஏதும் வரலையா?"

"அது என்னது மக்கா? ஒண்ணும் வரலியே."

திரும்பி வரும் பஸ்ஸில் இரண்டு பக்கமும் உப்பளம் வெள்ளையாகக் கிடந்தது. பஸ் திரேஸ்புரத்தைத் தொட்டபோது, "மொதல்ல அவனுக்கு மனு அடி" என்றாய்.

"ரெண்டு மனுவையும் ஒண்ணாவே போடலாமே அண்ணே."

"வேண்டாம். ஆஸ்பத்திரியில ஒண்ணோட ஒண்ணு சேத்து எழுதித்தான் இவ்வளவும் வந்துச்சு. அவனோடது முடியட்டும்."

எனக்குக் கோபம்தான். ஆதாரம் சேர்த்து மறுபடி அனுப்ப வேண்டிய உன் மனு என் மேஜை டிராயரில் கிடந்தது. சூசையின் அம்மா பேரில் ஒன்று, அதற்கு நினைவூட்டல் ஒன்று, நினைவூட்டலுக்கு நினைவூட்டல் ஒன்று என்று அடித்துக்கொண்டேயிருந்தேன். கடைசியில் அரக்கு முத்திரை வைத்த சின்னப் பொட்டலம் தருவைகுளத்துக்கு வந்தது. உன்னைக் கூப்பிட்டு ஆள் அனுப்பினார்கள். நாம் போகும்வரை பிரிக்காமல் வைத்திருந்தார்கள். நீ முடிச்சை அறுத்தபோது உடைந்த அரக்கு உன் நகத்தில் ஒட்டிக்கொண்டது. பதக்கத்தின் விளிம்பில் அவன் நம்பரும் பேரும் பொறித்திருந்தது. அந்த அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. எழுத்தின் மேல் விரலை ஓட்டிக்கொண்டு, "வாசி" என்றார்கள். நீ வாசித்தாய். "இன்னொருக்க வாசி" என்றார்கள். மறுபடி வாசித்தாய்.

அதன்பிறகுதான் உன் மனுவைத் தந்தியின் நகலோடு அனுப்பவிட்டாய். உனக்கும் வந்தது. பழைய வரி நீக்கப்பட்டது, போர்முனையில் கண்ணிவெடியால் காயம் என்று திருத்தப்பட்டது, பதக்கங்கள் இத்துடன் அனுப்பப்படுகின்றன என்று எழுதியிருந்தார்கள். நான் படித்துச் சொல்லிவிட்டு உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஏதாவது மாறும் என்று எதிர்பார்த்தேன்.

"சரி," என்றாய். பதக்கங்களைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, திரும்பப் பெட்டியில் வைத்தாய். "பேப்பரு சரியாயிட்டு. காலு அப்படியேதான் இருக்கு. மணியாச்சு, சோத்தப் போடு."

அந்த ஓட்டப்பிடாரத்து மனிதர் வீட்டுக்கு ஒரு நகலை எடுத்துக்கொண்டு போகிறேன் என்று நான் குதித்தேன். அந்தப் பெண்ணுக்குக் கல்யாணமாகிப் பிள்ளையும் பிறந்துவிட்டது, இருந்தாலும் போகிறேன் என்றேன். நீ சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாய். "போவாத. அந்த மனுசன் எழுதியிருந்தத்தான படிச்சாரு. அவரு மேல என்ன தப்பு?"

அப்போது எனக்கு அது பிடிக்கவில்லை. இப்போதும் முழுதாகப் பிடிக்கவில்லை.

பிறகு காமாலை வந்தது. கண் மஞ்சளாகி, சாப்பாடு இறங்காமல், பெரியாஸ்பத்திரியில் படுத்தாய். டாக்டர் ஈரல் என்றார், தாமதம் என்றார். அவர் சொன்னதையெல்லாம் நான் தலையாட்டிக் கேட்டேன். ஒரு பின்மதியம், மற்றவர்களைப் பார்க்க வந்த கூட்டத்தின் நடுவில், நீ போய்விட்டாய். கத்த வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. பக்கத்துக் கட்டிலில் ஒரு குழந்தை ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தது. உன் கையை விடாமல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காரியத்துக்கு சூசையின் அம்மா வந்தார்கள். எல்லாப் பெண்களும் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அவர்கள் மட்டும் அழவில்லை. எல்லோரும் போனபிறகு பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "எப்படிப் போனான்? சொல்லுளா" என்றார்கள். மற்றவர்களிடம் தூங்கினாற்போலப் போய்விட்டான் என்று சொல்லியிருந்தேன். அவர்களிடம் அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. மூச்சுக்கு நீ திணறியதையும், என்னை அம்மா என்று கூப்பிட்டதையும் சொன்னேன். அவர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள்.

உன் இறப்பைப் பட்டாளத்து ஆவணக் காப்பகத்துக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும் என்று ஆபீசில் சொன்னார்கள். உன் பேரில் இனி எழுத வேண்டியது அது ஒன்றுதான். பலநாள் தாளை மெஷினில் மாட்டுவேன், கழற்றுவேன். போன வாரம் அடித்துவிட்டேன். உன் நம்பர், பேர், இறந்த நாள், இடம், காரணம் ஈரல் நோய். அவர்களுக்கு வேண்டியது அவ்வளவுதான். அதோடு கையெழுத்துப் போட்டிருக்கலாம். நான் இன்னொரு வரி அடித்தேன். கடைசி வரை அவருடைய தங்கை அவர் கையைப் பிடித்துக்கொண்டு அருகில் இருந்தாள் என்று.

அதை யார் படிப்பார்கள், என்ன நினைப்பார்கள் என்று தெரியாது. தேவையில்லாத வரி என்று கோடு போட்டு அடித்துவிட்டாலும் விடுவார்கள். ஆனாலும் அண்ணே, அது நடந்தது. அதனால் எழுதினேன்.