ராத்திரிப் பலகாரம்

1934 ஜூலை 24, செவ்வாய்

எழுந்ததும் முதல் வேலை ஸ்பிரிட் விளக்கு. குளிப்பதற்கும் முன்னால். விடாத மழை, தீக்குச்சிகள் நமுத்துப்போய் நாலைந்து வீண். அண்ணாவின் மூத்திரம் சில சொட்டு, நீல மருந்து, கண்ணாடிக் குழாய், கொதி. நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, செங்கல் நிறத்தில் வந்து நின்றது. சர்க்கரை ஏராளம் என்று அர்த்தம். ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் சொல்லிக்கொடுத்த வித்தை.

மன்னி சமையலறை வாசலிலிருந்து, "அந்தக் குழாயை எம் பாத்திரத்தோட சேர்த்து வெச்சுடாதே, கேட்டியா" என்றாள்.

ஸ்கூலுக்கு அரை நாள் லீவு. பத்து மணிக்கு அண்ணாவுடன் ஆஸ்பத்திரி. வலது கால் கட்டைவிரல் புண் இரண்டு மாதமாக ஆறவில்லை. ஓரம் கறுத்திருக்கிறது. டாக்டர் வெள்ளைக்காரர், தமிழ் தெரியாது, மலையாளம் நாலு வார்த்தை. கம்பவுண்டரே மொழிபெயர்த்திருப்பான். ஆனால் நான்தான் சொல்ல வேண்டும் என்று அண்ணாவுக்கு. வாசல் சேவகனிடம்கூட, "எந்தங்கையாக்கும். பி.ஏ." என்று சொல்லியாயிற்று.

என்ன சாப்பிடுகிறார் என்று டா. கேட்டார். காலை, மத்தியானம் உள்ளபடி சொன்னேன். ராத்திரி?

"ராத்திரி சாதம் தொடறதில்லைன்னு சொல்லு. வருஷக்கணக்கா. பலகாரம் மாத்திரம்."

நான் இங்கிலீஷில் சொன்னது: இரவில் சோறு கிடையாது. இரண்டு வாழைப்பழம், ஒரு டம்ளர் பால்.

டாக்டருக்குத் திருப்தி. இதைவிட நல்ல பத்தியம் தன்னாலேயே எழுதித்தர முடியாது என்றார். பிறகு யோசித்தார். இவ்வளவு கட்டுப்பாட்டிலும் சர்க்கரை இறங்கவில்லை என்றால் வியாதி முற்றிவிட்டது. சாப்பாட்டால் இனி ஆகப்போவது ஒன்றுமில்லை. காத்திருந்தால் பாதமே போகும். திங்கட்கிழமை விரலை எடுத்துவிடலாம்.

"என்ன சொல்றார்?"

விரலைப் பற்றி மட்டும் சொன்னேன்.

வண்டியில் திரும்பினோம். கிழக்கேகோட்டை வாசலைத் தாண்டும்போது, "அங்கஹீனம் ஆனவனைக் கோவிலுக்குள்ளே வேலைக்கு நிக்க விடுவாளோ?" என்றான்.

ஏன் அப்படிச் சொன்னேன்? பலகாரத்துக்கு இங்கிலீஷ் வார்த்தை கிடைக்கவில்லை என்று எழுதலாம். யார் படிக்கப்போகிறார்கள், இங்கே எதற்குப் பொய். வார்த்தைகள் இருந்தன. நாலு அடை, வெண்ணெய், வெல்லம், கோவில் வேலைக்குப் பங்காக வரும் பாயசம். அதை வரிசையாக அந்த மனிதரிடம் சொல்ல வாய் கூசிற்று. வந்தது என் ராத்திரி ஆகாரம். அண்ணாவின் இலையைக் கேட்டார். என்னுடையதைச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

25, புதன்

மழை. குழாயில் செங்கல். 9-பி காம்போசிஷன் நோட்டுகள் இன்னும் திருத்தவில்லை. குடைக்குக் கம்பி போட வேண்டும். தீப்பெட்டி.

மூன்றாம் பீரியட் சுகாதாரப் பாடம்: அளவான உணவு. போர்டில் எழுதிப்போட்டேன், பிள்ளைகள் எழுதிக்கொண்டன. நல்ல பிள்ளைகள். நான் எழுதுவதை எல்லாம் எழுதிக்கொள்ளும்.

ராத்திரி அண்ணாவுக்கு மனசு சரியில்லை என்று மன்னி நெய்யப்பம் வேறு பண்ணியிருந்தாள்.

"மன்னி, ராத்திரி கொஞ்சமா சாப்பிட்டா நல்லதுன்னு தோணறது."

"டாக்டர் சொன்னாரோ?"

"இல்லை. நானாத்தான்."

"அதானே. அவர் ஒண்ணும் சொல்லலைன்னு இவர் வந்ததும் சொன்னாரே."

"பாயசமாவது வேண்டாம், அண்ணா."

"அது பிரசாதமாக்கும். சாப்பாட்டுக் கணக்குல வருமோ?" டம்ளரைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு குடித்தான்.

மன்னிக்குச் சிரிப்பு. "உனக்கென்னடி பாகீ. ஒரு வேளைச் சாதத்துல தேகம் அம்மிக்கல்லு மாதிரி. நாப்பத்திமூணு வயசுல ஒரு பல்லு ஆடலை. எனக்கானா முட்டிவலி, அவருக்கு இந்த வியாதி. நன்னாச் சாப்பிட்ட குத்தம் நாங்க பண்ணினோம், பின்னே."

நானும் சிரித்தேன். வேறு என்ன செய்ய.

26, வியாழன்

காலையில் ஒரு காரியம் செய்தேன். அண்ணாவின் குழாயைக் கழுவிவிட்டு என்னுடையதைப் போட்டுக் காய்ச்சினேன். நீலம். எவ்வளவு கொதித்தும் நீலம்.

சந்தோஷமாக இருந்தது. ஒரு கணம்தான். குழாயை உடனே கழுவிக் கவிழ்த்தேன்.

ஒரே தாய் வயிற்றில் பிறந்தவர்கள். பன்னிரண்டு வயதில் என் கணவர் போனார், முகம்கூட நினைவில்லை. அன்றிலிருந்து எனக்கு மத்தியானம் ஒரு வேளைச் சாதம், ராத்திரி பழமும் பாலும், ஏகாதசிக்கு அதுவும் இல்லை. என்னை யாரும் கேட்கவில்லை. பக்தியோடு செய்ததாகச் சொல்ல மாட்டேன். பசித்துக்கொண்டு செய்தேன். அடை வார்க்கிற வாசனைக்குப் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு படுத்த நாட்கள் உண்டு. முப்பத்தோரு வருஷம் கழித்து அந்தப் பட்டினி எனக்கு நீலமாக வருகிறது. அந்த அடை அவனுக்குச் செங்கலாக.

அப்போது டாக்டரிடம் சொன்னதில் பொறாமை இருந்ததோ? பார், நான் சாப்பிடுவதுதான் உயர்ந்தது என்று? தெரியவில்லை. இல்லை என்று சத்தியம் பண்ண முடியவில்லை.

ராத்திரி அண்ணா இலையில் உட்காரவில்லை. பயம். மோர் மட்டும் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டான்.

27, வெள்ளி

பச்சை!

செங்கல் இல்லை, மஞ்சள்கூட இல்லை. குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு மன்னியிடம் ஓடினேன். ஒரு ராத்திரி சாப்பிடாததற்கே இது என்றேன்.

"மழை ஈரத்துல மருந்து கெட்டிருக்கும். பட்டினி போட்டா புண் எப்படிடி ஆறும்? ஒடம்புல தெம்பு வேண்டாமோ?" கண் கலங்கியிருந்தது. "திங்கட்கிழமை கத்தி வெக்கப்போறா. அது வரைக்கும் வாய்க்கு ருசியா நாலு போட எனக்குக் குடுத்து வெக்கலையா?"

இவளிடம் எப்படிச் சொல்வது. பிரியமில்லாத சமையல் ஒரு நாள்கூட இவள் கையிலிருந்து வந்ததில்லை.

ராத்திரி: நேற்றைக்கும் சேர்த்து அடை.

28, சனி

செங்கல்.

மழை விட்டு வெயில். வீடெல்லாம் துணி. மத்தியானம் அண்ணா காலைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு சாய்ந்திருந்தான். நான் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தேன்.

"அண்ணா, நீ ராத்திரி பலகாரத்தையும் நிறுத்திப் பாரேன்."

"அதுவே விரதமாக்கும். விரதத்துல என்ன விரதம்?"

"அடையும் அரிசிதானே?"

"போடி. பாதிக்குமேலே பருப்பு!" காலைச் சற்று நகர்த்திக்கொண்டு, "நீ மறந்திருப்பே. நீ இங்கே வந்த புதுசுல ராத்திரி நான் சாப்பிடறதைப் பாத்து மூலைல உக்காந்து அழுவே. சத்தமில்லாம. எனக்குப் பதினேழு வயசு. ஒரு நாள் இலையைத் தள்ளிட்டேன். அவ சாப்பிடாத சாதம் எனக்கும் வேண்டாம்னேன். அப்பா அடிச்சார். அம்மா பயந்துட்டா, ஒரே பிள்ளை இளைச்சுப்போயிடுவானேன்னு. அப்போ தொடங்கினதுதான் அடையும் அப்பமும். சாகும்போது உங்க மன்னிகிட்டே சொல்லிட்டுப் போனா, ராத்திரி இவனுக்குப் பலகாரத்துல குறை வெக்காதேன்னு."

நான் அழுதது நினைவிருக்கிறது. அவன் ராத்திரி சாதத்தை விட்டதும் தெரியும். என்னால் என்று தெரியாது. வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றுதான் அம்மா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்கு வரைக்கும் தொட்டதில்லை. நம்ம ரெண்டு பேருக்கும் ராத்திரி ஒரே விரதம், என்ன?" என்று சிரித்தான். பெருமையாக.

தலை நிமிர முடியவில்லை. ஒரு பெண்ணின் காம்போசிஷனில் சரியாக எழுதியிருந்த வாக்கியத்தைச் சிவப்பு மையில் அடித்திருக்கிறேன்.

என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பச் சண்டை போட்டவனும் இவன்தான். அந்தப் படிப்பை வைத்துத்தான் செவ்வாய்க்கிழமை அப்படிச் சொன்னேன்.

29, ஞாயிறு

செங்கல். தூறல்.

ஆஸ்பத்திரிக்கு எடுத்துவைத்தது: பழைய வேஷ்டி நாலு, போர்வை, சொம்பு, விபூதி, விசிறி. மன்னி ஒரு டப்பா முறுக்கும் வைத்திருந்தாள். எடுத்து அலமாரியில் வைத்தேன். மறுபடியும் பைக்குள் வந்துவிட்டது.

அண்ணா காலையிலிருந்து நாலு தடவை கேட்டுவிட்டான். "நாளைக்கு நீ என் பக்கத்திலேயே நிப்பியோ இல்லையோ? அவர் கேக்கறதை எல்லாம் நீயே சொல்லிடு. எனக்கு ஒண்ணும் தெரியாது."

விரலை எடுத்தாலும் சர்க்கரை இப்படியே இருந்தால் அந்தப் புண்ணும் ஆறாது. பிறகு பாதம். பிறகு? சாப்பாட்டால் ஆகப்போவது ஒன்றுமில்லை என்று டா. நினைப்பது என் வாயால். உள்ளதைச் சொன்னால் பத்து நாள் பார்க்கலாம் என்பாரோ என்னவோ. பார்க்காமலும் வெட்டலாம். அது அவர் பாடு.

டா.வைத் தனியாகப் பார்த்து இங்கிலீஷில் சொல்லிவிடலாம் என்று மத்தியானம் வரை நினைத்தேன். சுலபம். அண்ணாவுக்கும் தெரியாது, மன்னிக்கும் நோகாது. ஆனால் ராத்திரி இலை போடுகிறவள் அவள், சாப்பிடுகிறவன் அவன். அவர்களுக்குத் தெரியாமல் அந்த இலையில் என்ன மாறும்? எனக்காகத் தள்ளிய சாதம் இங்கே கொண்டுவந்து விட்டது என்று அவன் கேட்கத்தான் வேண்டியிருக்கும். அதற்குப் பிறகு என்னைப் பார்த்து அப்படிச் சிரிப்பானா?

சரி. கத்தி எடுப்பதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன். அந்த அறையிலேயே. முதலில் தமிழில், இரண்டு பேர் முகத்தையும் பார்த்து, பிறகு இங்கிலீஷில்.

வண்டிக்காரனிடம் மன்னியும் சேர்த்து மூன்று பேர் என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.