ஆறு மாதம் கெடாத ஜாம்

கூத்தாநல்லூர்,
10.10.1974

அன்பு மச்சான் அவர்களுக்கு மெஹராஜ் பேகம் ஸலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் நானும் மூன்று பிள்ளைகளும் நலம். பினாங்கில் உங்கள் உடல்நலத்துக்கும் கடையின் பரக்கத்துக்கும் ஒவ்வொரு தொழுகையிலும் துஆ செய்கிறோம்.

நோன்பு இருபத்திரண்டு ஆகிவிட்டது. கபீர் ஒன்றுகூட விடவில்லை. பதினொரு வயதில் இந்த வீம்பு உங்களிடமிருந்து வந்ததுதான். கமருன்னிஸா ஒன்று விட்டு ஒன்று பிடிக்கிறாள். நாலு வயது ஜன்னத், காலைப் பசியாற உட்காரும் வரைக்கும் நோன்பாளி.

நீங்கள் கப்பல் ஏறிய வருடம் கொல்லையில் நட்டுவிட்டுப் போன கொய்யா இப்போது கிளை முறியக் காய்த்திருக்கிறது. மாதர் சங்கத்துக்கு வரும் கிராம சேவிகா அதில் ஜாம் செய்யக் கற்றுக்கொடுத்தார். உடனே பிள்ளைகள், பெருநாளுக்கு வேண்டியவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு பாட்டில் கொடுக்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம். கபீர் காலி ஹார்லிக்ஸ் பாட்டில்களைக் கழுவி வெயிலில் காயவைத்தான். கமருன்னிஸா வெந்த பழத்தைச் சல்லடையில் தேய்த்து விதை எடுத்தாள். நான் அடுப்படியில் நின்று கிளறினேன்.

எங்கள் மூவருக்கும் அன்று நோன்பு. ருசி பார்க்க வீட்டில் இருந்தது ஜன்னத் ஒருத்திதான். கரண்டியை நீட்டும்போதெல்லாம் நக்கிவிட்டு, “பத்தலம்மா, இன்னும் சீனி போடு” என்றாள். நானும் புத்தியில்லாமல் ரேஷனில் வாங்கிச் சேர்த்துவைத்த சீனி முழுவதையும் கொட்டினேன். நோன்பு திறந்த பிறகு வாயில் வைத்தால் அப்படி ஒரு திகட்டல்! ஏண்டி இப்படிச் சொன்னாய் என்று கேட்டால், போதும் என்று சொல்லிவிட்டால் மறுபடி கரண்டி வராதே என்கிறாள். அடிக்கக் கை ஓங்கியவள் சிரித்துவிட்டேன்.

ஐந்து பாட்டில் நிரம்பியது. மூடியில் ஒட்டிய தாளில் கமருன்னிஸா பெயர் எழுதினாள். ஒன்று ஓதிக்கொடுக்கும் ஹஜ்ரத்துக்கு, ஒன்று பள்ளிக்கூட டீச்சருக்கு, ஒன்று பக்கத்து வீட்டுக்கு, ஒன்று இளையபெருமாள் வீட்டுக்கு, ஒன்று அவர்கள் அத்தாவான உங்களுக்கு.

இனி நீங்கள் எதிர்பார்க்கும் விஷயம். நம் பத்து மா நிலத்தை உழும் இளையபெருமாள், புதுச் சட்டப்படி தாலுகா ஆபீசில் குத்தகைதாரர் என்று பெயர் பதிந்துவிட்டதால், அவர் விட்டுக்கொடுத்துக் கைநாட்டு வைத்தால்தான் நிலம் விலைபோகும் என்று எழுதியிருந்தீர்கள். பத்திரமும் அனுப்பினீர்கள். பெருநாள் சாக்கில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஏதாவது பலகாரத்தோடு போய்க் கேள், மறுக்க மாட்டார் என்றும் எழுதினீர்கள். அப்படியே முந்தாநாள் போனேன். ஒரு பையில் ஜாம், பத்திரம், மைப்பெட்டி எல்லாம் இருந்தன.

அவர்கள் தெரு முனையில் விவசாயச் சங்கத்தின் செங்கொடி பறந்தது. எனக்குக் கொஞ்சம் பயம்தான். இளையபெருமாள் நடவு வயலிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். கையெல்லாம் சேறு. பாட்டிலில் அழுக்குப் படக்கூடாது என்று துண்டைப் பிடித்து அதில் வாங்கிக்கொண்டார். மூடியில் இருந்த தன் பெயரைக் கமருன்னிஸாவை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். அவர் மனைவி எல்லையம்மாள் ஜன்னத்தை இடுப்பைவிட்டு இறக்கவில்லை. பையைத் தூக்கும்போது மைப்பெட்டியை இளையபெருமாள் பார்த்துவிட்டார் என்றே நினைக்கிறேன். “ராவுத்தர் எப்பம்மா ஊருக்கு வர்றாங்க?” என்று மட்டும் கேட்டார். பத்திரத்தைப் பையிலிருந்து எடுக்காமலே திரும்பி வந்துவிட்டேன்.

கேட்க வாய் வரவில்லை என்று எழுதி முடித்துவிடலாம். அது பாதிதான். எனக்குக் கேட்க மனமில்லை, மச்சான். நிலத்தை விற்று, நீங்கள் நினைத்தபடி அந்தப் பினாங்குக் கடையில் பங்கு வாங்கிவிட்டால், இந்த ஊருக்கு வர உங்களுக்கு என்ன வேலை இருக்கும்? நீயும் பிள்ளைகளும் இருக்கிறீர்களே என்பீர்கள். நாலு வருடமாக நாங்கள் இங்கேதான் இருக்கிறோம். நாற்பது நாள் குழந்தையாக விட்டுப் போன ஜன்னத், சுவரில் இருக்கும் போட்டோவுக்கு ஸலாம் சொல்லிவிட்டுத் தூங்குகிறாள். எனக்கும் உங்கள் குரல் மறந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. கோபம் வந்தால் திட்டி எழுதுங்கள். எழுதாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் நம் தெரு ஜெக்கரியா அண்ணன் நாளை நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறுகிறார். பத்திரத்தை நீங்கள் அனுப்பியபடியே அவரிடம் கொடுத்திருக்கிறேன். கைநாட்டு இல்லை. கேட்பதென்றால் நீங்களே வந்து, பிள்ளைகள் கூட நிற்க, இளையபெருமாள் முகத்தைப் பார்த்துக் கேளுங்கள். அதன்பிறகு என்ன முடிவு செய்தாலும் நான் குறுக்கே நிற்க மாட்டேன்.

ஜாம் பாட்டிலையும் கொடுத்தனுப்பத்தான் இருந்தேன். ஜன்னத் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடவில்லை. அத்தா இங்கே வந்துதான் சாப்பிட வேண்டுமாம், கரண்டியை அவள்தான் நீட்டுவாளாம். அலமாரியில் உங்கள் பெயரோடு எடுத்துவைத்திருக்கிறேன். இவ்வளவு சீனி போட்டிருந்தால் ஆறு மாதம் கெடாது என்றார் கிராம சேவிகா. ஆறு மாதம்தான், மச்சான்.

அல்லாஹ் உங்களைப் பத்திரமாகக் கரைசேர்க்கட்டும்.

உங்கள் வரவுக்கு ஏங்கும்,
மெஹராஜ் பேகம்