கடைசி அத்தியாயத்தை நான் கொடுக்கவில்லை

என் உயிரான அக்கா,

நீ இருந்திருந்தால் இந்நேரம் என் தலையில் ஒரு குட்டு வைத்திருப்பாய். கொடுக்கிறதை வாங்கிக்கொண்டு சும்மா இருடி என்றிருப்பாய். சுக்குக் கிடங்கில் கூலியைக் குறைத்தபோதும் நீ அப்படித்தானே இருந்தாய்? எனக்கு அந்தப் பொறுமை வரவில்லை.

உன்னை வைத்துத்தான் மெட்ராஸ் வார இதழ் ஒன்றில் தொடர்கதை எழுதினேன். செல்லம் என்று பெயரை மாற்றியும், மட்டாஞ்சேரியில் நம்மைத் தெரிந்தவர்கள் எல்லாம் அது நீதான் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். நீ காய்ச்சலில் போய்விட்டாய். கதையில் நான் உன்னைச் சாகவிடவில்லை. வாரா வாரம் உன் மகள் வசந்தி, "சித்தி, இந்த வாரம் அம்மா என்ன செய்யறா?" என்று கேட்பாள். மலையாளப் பள்ளியில் படிக்கிற பிள்ளை, தமிழ் எழுத்து தட்டுத் தடுமாறித்தான் வரும், நான்தான் வாசித்துக் காட்டுவேன். இதழிலிருந்து வரும் மணியார்டரில்தான் எங்கள் வீட்டு வாடகை.

அப்போதுதான் தெரிந்தது, அதே இதழில் துப்பறியும் கதை எழுதுகிறவருக்கு எனக்குத் தருவதைப்போல இரண்டு மடங்கு என்று. அவருக்கும் அதே நாலு பக்கம்தான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சமமாகத் தராவிட்டால் கடைசி அத்தியாயம் வராது என்று எழுதிப் போட்டேன்.

ஒரு கல்யாணத்துக்காக எர்ணாகுளம் வந்த இதழாசிரியர், நேரே நம் வீட்டுக்கே வந்துவிட்டார். சாயா கொடுத்தேன். தொடவில்லை.

"அவர் குடும்பம் நடத்தறவர், அம்மா. நீங்க வீட்ல சும்மா இருக்கற நேரத்துல எழுதறீங்க."

"எனக்கும் குடும்பம் உண்டு சார். வீட்டுக்காரன் எனக்கு மாத்திரம் வாடகையைக் குறைப்பானோ?"

"சரி. முடிவை எங்க ஆபீஸ்லயே எழுதிக்கறோம். உங்க பேர்லயே வரும்."

அக்கா, அத்தியாயம் உள்ளே பெட்டியில்தான் இருந்தது. எடுத்துக் கொடுத்தால் முடிந்தது. கொடுக்காவிட்டால் உன்னைப் பார்த்தே இராத எவனோ உன் கதையை முடிப்பான். உனக்காகவாவது கொடுத்திருக்க வேண்டுமா? இன்றுவரை தெரியவில்லை. நான் எழுந்திருக்கவில்லை. அவர் போய்விட்டார்.

இன்று இதழ் வந்தது. நான் அடுப்படியில் இருந்தபோது வசந்தி எழுத்துக் கூட்டித் தானே படித்துவிட்டாள். செல்லம் காயலில் குதித்துச் செத்துப்போகிறாள். கீழே என் பெயர்.

முகம் வெளுத்து வந்து நின்றாள். "இது சித்தி எழுதினதில்லல்லோ? அம்மா என்னை விட்டுட்டு காயல்ல சாடமாட்டா."

அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். பிறகு பெட்டியைத் திறந்து, நான் எழுதிய முடிவை வாசித்தேன். அதில் நீ அவளை எர்ணாகுளத்துக்கு போட்டில் கூட்டிப்போய் மேட்னி ஷோ காட்டுகிறாய். அவ்வளவுதான் கதை. இரண்டு முறை வாசிக்கச் சொன்னாள்.

மணியார்டர் நின்றுவிட்டது. பஜார் கடைகளுக்குத் தமிழில் நோட்டீஸ் எழுதிக் கொடுக்கிறேன். கூலி பேசிவிட்டுத்தான் பேனாவைத் திறக்கிறேன். இந்த மாத வாடகைக்கு என்ன செய்வேன் என்று கேட்காதே.

உன் கதையை மறுபடி அச்சில் கொண்டுவருவேன், அக்கா. அந்தத் துப்பறியும் கதைக்காரருக்குத் தருவதை எனக்கும் தருகிற இடத்தில் மட்டும். அதுவரை அதைக் கேட்க உன் மகள் ஒருத்தி போதும்.

சொன்ன பேச்சுக் கேட்காத உன் தங்கை,
ராஜம்