இரண்டு எஸ். அனந்தகிருஷ்ணன்

பாலிகஞ்ச், கல்கத்தா
3.8.2004

அன்புள்ள ஷியாமுவுக்கு,

மழை விட்டபாடில்லை. நேற்று ஆபீஸிலிருந்து முழங்கால் தண்ணீரில் நடந்து வந்தேன். நீ பெங்களூர் போய் ஒரு வருஷம் ஆகிறது, வீடு இன்னும் பழகவில்லை.

நல்ல செய்தி. இங்கே ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் நிரந்தர வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள். சதுப்பு நில நண்டு தெரிந்தவர் வேண்டுமாம். உன்னை விட்டால் யார்? கிடைத்தால் வீட்டுக்கே வந்துவிடலாம். விண்ணப்பத்தை நீ அனுப்பு, உன் கட்டுரைப் பட்டியலை நான் எடுத்து நேரில் கொடுக்கிறேன். ஒரே தொல்லை, நம் இருவருடைய ஆராய்ச்சிக் கட்டுரை விவரங்களையும் சேர்த்து வைத்திருக்கும் புரோகிராம் புதுக் கம்ப்யூட்டரில் ஓடவில்லை. எல்லாவற்றையும் வேறொன்றுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் உட்காரத் தோன்றுகிறது.

உன் அனந்து


பெங்களூர்
9.8.2004

அன்புள்ள உங்களுக்கு,

விண்ணப்பம் அனுப்பிவிட்டேன். இந்த ஒற்றை அறை அலுத்துவிட்டது. ஜன்னல் பக்கம் நாற்காலியை இழுத்துப் போடுகிறேன், பிறகு சுவர்ப் பக்கம் போடுகிறேன். எனக்கும் வந்துவிட வேண்டும் போலத்தான் இருக்கிறது.

பட்டியலைக் கொடுப்பதற்கு முன் எனக்கு ஒரு தடவை காட்டுங்கள். பால் பொங்குவதற்குள் அடுப்பை அணைக்கிற ஆள் நீங்கள்.

உங்கள் ஷியாமளா


கல்கத்தா
18.8.2004

அன்புள்ள ஷியாமுவுக்கு,

கோபித்துக்கொள்ளாதே. கடைசி நாள் என்றார்கள், ஓடிப்போய்க் கொடுத்துவிட்டேன். மாற்றும்போது புதுப் புரோகிராம் குறுக்கே ஒரு கேள்வி கேட்டது: ‘ஷியாமளா அனந்தகிருஷ்ணன், எஸ். அனந்தகிருஷ்ணன், இருவரும் ஒருவரா? சேர்க்கட்டுமா?’ உன் கட்டுரைகளில் பாதி எஸ். அனந்தகிருஷ்ணன் என்றுதானே வந்திருக்கின்றன? ஆமாம் என்று தட்டினேன். பட்டியல் எத்தனை நீளம் தெரியுமா! எனக்கே பெருமையாக இருந்தது.

மொத்தத்தையும் சிடியில் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன்.

உன் அனந்து


பெங்களூர்
10.9.2004

அன்புள்ள உங்களுக்கு,

போனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

நேற்று அவர்கள் போனிலேயே நேர்காணல் நடத்தினார்கள். நீங்களும் எஸ். அனந்தகிருஷ்ணன்தான் என்பதை மறந்துவிட்டீர்களே! என் பட்டியலில் பாதி உங்களுடைய ஆற்று வண்டல் கட்டுரைகள். “நண்டு பார்க்கறவங்க எப்போ வண்டல் அளந்தீங்க, மேடம்?” என்று இங்கிலீஷில் கேட்டுச் சிரித்தார்கள். புருஷன் வேலையைத் தன்னுடையது என்று காட்டினவள் ஆகிவிட்டேன்.

நிலையத்தின் தலைவர் சென் உங்களைக் கூப்பிட்டு விசாரிப்பதாகச் சொன்னார். வண்டல் உங்களுடையது, நண்டு என்னுடையது, பட்டியல் எடுத்ததில் தவறு. இவ்வளவு சொன்னால் போதும். தயவுசெய்து சொல்லுங்கள்.

ஷியாமளா


கல்கத்தா
27.9.2004

அன்புள்ள ஷியாமுவுக்கு,

போன் செய்தால் எடுக்கமாட்டேன் என்கிறாய். உன் கடிதம் வருமுன், நேர்காணல் அன்றே சென் பேசிவிட்டார். பார்க்காமல் கொடுத்தேன் என்று அவரிடம் சொல்ல ஒரு மாதிரியாக இருந்தது. “எல்லாம் நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து செஞ்சதுதான்” என்று சொல்லிவைத்தேன். உனக்கும் அதுதானே கௌரவம்? கணவன் மனைவிக்குள் எது யாருடையது என்று என்ன கணக்கு?

பாடாவில் தெருவை அடைத்து துர்கா பூஜைக்குப் பந்தல் எழும்பிவிட்டது. கீழ்வீட்டு போஸ்-தா, “பௌதி எப்போது வருகிறாள்?” என்று பார்க்கிறபோதெல்லாம் உன்னைத்தான் விசாரிக்கிறார். டிக்கெட் போட்டாயா? ஒரு வரி எழுது.

உன் அனந்து


பெங்களூர்
6.10.2004

அன்புள்ள அனந்தகிருஷ்ணனுக்கு,

உங்களைப் பெயர் சொல்லி எழுதுவது இதுதான் முதல் தடவை. இத்தனை வருஷம் அந்தப் பெயரை வாயால் சொன்னதில்லை. என் பெயருக்குப் பின்னால் மட்டும் சுமந்திருக்கிறேன்.

வேலை இல்லை என்று அவர்களிடமிருந்து கடிதம் வந்துவிட்டது. நீங்கள் தட்டிய பொத்தானுக்காக நான் கோபப்படவில்லை. புரோகிராமுக்குத் தெரியவில்லை, கேட்டது. உங்களுக்குத் தெரியும். இடுப்பளவு சேற்றில் நான் நண்டு எண்ணும்போது நீங்கள் படகில் உட்கார்ந்து எப்போது கிளம்பலாம் என்று கேட்டுக்கொண்டிருப்பீர்கள். சென் கேட்டபோது அது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். மிகவும் வலிக்கிறது.

இங்கே நிரந்தரமாக இருக்கச் சொல்கிறார்கள். சரி என்று சொல்லிவிட்டேன். பூஜைக்கு வரவில்லை. பூஜைக்குப் பிறகும்தான்.

உங்கள் சிடியைத் திருப்பி அனுப்புகிறேன். நீங்கள் வேறு, நான் வேறு என்று ஒவ்வொரு கட்டுரையாகத் திறந்து புரோகிராமுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். என்னுடையவை எல்லாம் இப்போது அப்பாவின் இனிஷியலோடு, கல்யாணத்துக்கு முந்தைய பெயரில் இருக்கின்றன. அதை உங்கள் கம்ப்யூட்டரில் போடும்போது, அங்கே இருக்கும் பழைய பெயரோடு சேர்க்கட்டுமா என்று மறுபடியும் கேட்கும். இந்தத் தடவை நிதானமாகப் படித்துவிட்டு, இல்லை என்று தட்டுங்கள்.

கு. ஷியாமளா